"ஒத்துக்காது" என்று சொல்லாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

விருந்துக்குக் கூப்பிட்டால் உன் சீலியாக் நோயைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் "கோதுமை எனக்கு ஒத்துக்காது" என்பதை விட்டுவிடு. வெயில் ஒத்துக்காது, ஏசி ஒத்துக்காது என்று எதற்கெல்லாமோ நாம் சொல்கிற வார்த்தை அது. கேட்பவருக்கு "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்றுதான் தோன்றும். அவர்மேல் தப்பே இல்லை. "அலர்ஜி" என்றும் சொல்லாதே. உடனே உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும் என்று பயப்படுவார்கள். உனக்கு வயிற்றுவலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரலாம். மேஜையில் நீ நன்றாக இருப்பதைப் பார்த்தவர்கள் அடுத்த தடவை நம்ப மாட்டார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்: "எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கும்." பத்து நொடி போதும். சிறுகுடலில் சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்வதும் இரும்புச்சத்து குறைவதும் சாப்பிடுகிற இடத்தில் பேச வேண்டிய விஷயமில்லை. கேட்டால் மட்டும் சொல்.

யாரிடம், எப்போது சொல்வது என்பது இதைவிட முக்கியம். சமைக்கிறவரிடமே, இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லிவிடு. வாசலில் போய் நின்றுகொண்டு சொன்னால், ஆசையாகச் சமைத்து வைத்தவர் முகம் வாடிவிடும்.

"இதில் குளூட்டன் இருக்கிறதா?" என்று கேட்காதே. அந்தச் சொல்லே தெரியாதவர் "இல்லையே" என்றுதான் சொல்வார். மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதுகூடப் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. சமையலைப் பற்றிக் கேள்: "சூப் கெட்டியாக எந்த மாவு கரைத்து விட்டீர்கள்? சோயா சாஸ் ஊற்றினீர்களா? இதே எண்ணெயில் வேறென்ன பொரித்தீர்கள்?" சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான் தயாராகிறது. மால்ட் என்றால் பொதுவாகப் பார்லி. "கோதுமை இல்லை" என்று போட்ட பாக்கெட்டிலும் அது இருக்கலாம்.

"ஒரு துளிதானே" என்பவருக்கு ஒரு கணக்கு சொல். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பாதிப்பில்லை என்பார்கள். ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அதை 200 பங்கு போட்டால் ஒரு பங்குதான் 10 மில்லிகிராம். மேஜையில் உதிர்ந்து கிடக்கிற தூள் அது.

அதனால்தான் கரண்டியைக் கவனிக்கச் சொல்கிறேன். நூடுல்ஸில் கிடந்த கரண்டியை அவசரத்தில் யாராவது சோற்றில் போடுவார்கள். கரண்டியின் முதுகில் வழவழவென்று ஒட்டியிருக்கிற கஞ்சி சோற்றோடு கலந்துவிடும். பிறகு பார்த்தால் வெறும் வெள்ளைச் சோறுதான் தெரியும். மரக்கரண்டி, வடிதட்டின் துளைகள், ரொட்டி வாட்டுகிற டோஸ்டர் எல்லாம் இதே கதை. சூட்டில் குளூட்டன் அழியாது, கிருமிநாசினி தடவினாலும் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். மேலே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவதும் உதவாது. "எனக்கு மட்டும் முதலிலேயே, சுத்தமான கரண்டியால் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்" என்று கேள். இந்த ஒரு வேண்டுகோளை யாரும் சுமையாக நினைக்க மாட்டார்கள். பதில் தெளிவாக வராத இடத்துக்கு உன் டப்பாவை எடுத்துக்கொண்டு போ.

"எனக்காக ஒரு வாய்" என்று வற்புறுத்துவார்கள். நீ வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதுதான் அவர்களை வருத்துகிறது. "அது வேண்டாம், எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள்" என்று நீயே வாய்விட்டுக் கேட்டுவிடு, வற்புறுத்தல் அடங்கிவிடும். ஆனால் ஒரு தடவைகூட இணங்கிவிடாதே. "அன்றைக்குச் சாப்பிட்டாயே" என்ற பேச்சுக்கு உன்னிடம் பதில் இருக்காது.

பக்கத்தில் இருப்பவர் யாராவது, "எனக்கும் வயிறு உப்புகிறது, நானும் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்பார். பரிசோதனைக்கு முன்னால் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடு. நிறுத்தியபின் ரத்தம் எடுத்தாலும், குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தாலும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா