காந்தல் வீட்டு வெளிக்குழாய்

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியம், என் நெஞ்சுச் சளியும் குறைந்துவிட்டது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

ஊட்டி காந்தலில் நம் வீட்டு வெளிக்குழாய் வெயிலில் உடைந்துவிட்டது என்று சொல்லி நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான் வெடிப்பு. விடியற்காலையில் அது தெரியாது. உள்ளே ஐஸ் அடைத்திருக்கும்வரை ஒரு சொட்டும் வராது. துவைக்கிற கல் மேல் வெயில் விழுந்து ஐஸ் இளகின பிறகுதான் சீறி அடிக்கும். அதனால்தான் வெயிலில் உடைந்த மாதிரி உனக்குத் தோன்றியிருக்கிறது. உடைத்தது ராத்திரிப் பனி. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் போலப் பெருகும். மூடின குழாய்க்கும் பின்னால் உறைந்த ஐஸுக்கும் நடுவே மாட்டிய தண்ணீருக்குப் போக வழி இல்லை. பித்தளையே ஆனாலும் பிளந்துவிடும். தோட்டத்து ஹோஸ் வேறு மாட்டியபடியே இருந்திருக்கிறது. அதில் நிற்கிற தண்ணீர் குழாயை வடிய விடாது. பனிக்காலம் முடியும்வரை சாயங்காலமே அதைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வை.

குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்று பிளம்பர் சொன்னதாகச் சொன்னாய். போதாது கண்ணு. அடுத்த பனிக்குப் புதுக்குழாயும் இதே கதிதான். சமையலறைக்கு உள்ளே, பைப் சுவரைத் தாண்டும் முன்னால், ஒரு பால் வால்வு (ball valve, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடிக்கொள்கிற வால்வு) போடச் சொல். நம் வீட்டில் அந்த பைப் சுவரிலிருந்து கல்லை நோக்கிச் சரிவாகத்தான் இறங்குகிறது. சாயங்காலம் உள்ளே வால்வை மூடி, வெளியே குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ராத்திரி முழுக்கக் குழாய் திறந்தே இருக்கட்டும். தண்ணீர் இல்லாத பைப்பைப் பனி ஒன்றும் செய்யாது. மேல் வீட்டில் இருக்கிற மாதிரி தரையிலிருந்து நேராக மேலே எழும்பி நிற்கிற பைப் என்றால் இப்படி வடியாது, அடியில் தனியாக ஒரு வடிகுழாய் வைக்க வேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மாற்றுகிற நாளில் நீ பக்கத்தில் நின்று பார். முதலில் டேங்க் வால்வை மூடி லைனைக் காலி செய்ய வேண்டும். பழைய குழாயைக் கழற்றும்போது ஒரு ரெஞ்சால் எல்போவை, அதாவது பைப் வளைகிற மூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் குழாயைத் திருப்பச் சொல். ஒரே ரெஞ்சை வைத்து முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப், அந்தத் துத்தநாகம் பூசின இரும்பு பைப், திரும்பிவிடும், அப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான். மரையில் ஒட்டியிருக்கிற பழைய சணலைக் கம்பி பிரஷால் சுத்தமாக எடுக்கட்டும். எல்போவிலும் பைப்பிலும் வேறு வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார், பல சமயம் குழாயோடு அதுவும் போயிருக்கும். புதுக்குழாய் அரை அங்குலம், பித்தளையில், கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். கசியாமல் இருக்க மரையில் சுற்றுகிற டெஃப்ளான் டேப்பை மரை முறுக்குகிற திசையிலேயே இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்து வந்துவிடும். தண்ணீர் விட்டதும் ஜாயின்ட்டுக்கு அடியில் காய்ந்த பேப்பரை வைத்துப் பார். சின்னக் கசிவும் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், பரணில் என் பழைய கம்பளி ஸ்வெட்டர் இருக்கிறது. அதைக் கிழித்துக் குழாயிலும் வெளியே தெரிகிற பைப்பிலும் சுற்று. மேலே பிளாஸ்டிக் கவரைப் போட்டு நீர்ப்பனி இறங்காமல் கட்டு. நனைந்த சாக்கைச் சுற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. தாவரவியல் பூங்காவில் செடிகளுக்கு மேல் மிலார் செடியின் கிளைகளை வைத்து மூடுகிறார்களே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். மேகமில்லாத ராத்திரியில் தரையும் இலையும் இரும்பும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டு, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஆனால் துணி குளிரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வால்வை மூடி வடிப்பதை விட்டுவிடாதே.

பகலில் வெயில் சுள்ளென்று அடித்து, சாயங்காலம் வானம் பளிச்சென்று, காற்றே இல்லாமல் இருந்தால் அன்றைக்குப் பனி விழும் என்றே வைத்துக்கொள். மேகமோ காற்றோ இருந்தால் பயம் குறைவு. குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தங்கும், அதனால்தான் தலைக்குந்தாவிலும் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் புல் வெள்ளையாகிறது. காந்தலும் பள்ளம்தான். டிவியில் ஊட்டிக்கு 3 டிகிரி என்று சொன்னாலும் நம் வீட்டுப் புல்தரை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

மறந்துபோய் ஒருநாள் உறைந்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதே, தீயும் காட்டாதே. குழாயைத் திறந்து வைத்து, துணியைச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய் முனையிலிருந்து பின்னால் போகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. வெயில் ஏறின பிறகு செய்தால் போதும், விடியற்காலையில் உன் கை விறைத்துப்போகும். நீ தனியாக இருக்கிறாய், அந்தக் குளிரில் ஈரக்கையோடு நிற்பாயோ என்பதுதான் எனக்குக் கவலை.

பிளம்பருக்கு எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன், வால்வை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. வந்த கையோடு மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்குகிற லைனையும் அவரைப் பார்க்கச் சொல். அதுவும் வெளியில்தான் கிடக்கிறது.

அன்புடன்,
அப்பா