டைல்ஸ் ஒட்டுறவங்க சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும் மெம்பர்ங்க எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் அதுக்குள்ள போகல. நலவாரியம் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிடுறேன், கட்டுமானத் தொழிலாளருக்குன்னு 1994-லயே வாரியம் வந்தாச்சு, இன்னும் நெறைய பேர் பதியாம "பாத்துக்கலாம்ணே"ன்னு சுத்திட்டு இருக்கீங்க, பதிஞ்சவங்களும் புதுப்பிக்காம விட்டுடுறீங்க. அடிபட்டதுக்கு அப்புறம் கார்டு தேடுனா கெடைக்காது.

இந்த வருஷம் பெருசா நடந்தது சங்கத்துக்குன்னு தண்ணி டேபிள் கட்டர், அதாவது தண்ணி விட்டு டைல் அறுக்குற மேஜை மிஷின், வாங்குனதுதான். எதுக்கு வெட்டிச் செலவுன்னு கேட்டவங்களுக்கு பதில் இது. நம்ம சைட்ல கை மிஷின்ல ஒருத்தர் அறுப்பாரு, பக்கத்துல ஹெல்பர் பையன் குந்திக்கிட்டு மூடியில ஓட்ட போட்ட வாட்டர் பாட்டில அமுக்கி தண்ணி விடுவான், அவன் விரலுக்கும் பிளேடுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு குனிஞ்சு பாத்திருக்கீங்களா? அந்த நாலு இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 12,000 சுத்து பக்கம் ஓடுது. தெறிக்கிற தண்ணி மிஷின் காத்து ஓட்ட வழியா மோட்டாருக்குள்ள போகுது, ஒயர் முனையில பிளக்கே இருக்காது, ரெண்டு கம்பிய சாக்கெட்ல சொருகி தீக்குச்சி வச்சு டைட் பண்ணியிருப்போம். டேபிள் கட்டர்ல பம்பே பிளேடுக்கு தண்ணி குடுத்துடும், டைல தள்ளுறதுதான் நம்ம வேலை.

கமிட்டியில ரொம்ப நேரம் ஓடுன பேச்சு கரண்ட் பத்திதான். "போர்டுல எம்சிபி சுவிட்ச் இருக்கே, ஷாக் அடிச்சா தானா விழுந்துடும்"னு சிலர் சொன்னாங்க. விழாதுங்க. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான், ஆளு மேல பாயுற கரண்ட் அதுக்கு கணக்கே இல்ல. அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச், வேணும், அத ஒரு பாக்ஸ்ல மாட்டி மிஷினோடயே குடுத்திருக்கோம், பாக்ஸ் இல்லாம மிஷின் வெளிய போகாது. காலையில டெஸ்ட் பட்டன அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாத்துட்டுதான் ஆரம்பிக்கணும். ஒயர சாக்கெட்டுக்கு கீழ தொங்குற மாதிரி வளைச்சு விடுங்க, ஒயர் வழியா வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குள்ள ஏறாது.

செயல்விளக்கத்துக்கு வந்தவங்களுக்கு தெரியும், வராதவங்களுக்காக சொல்றேன். விட்ரிஃபைடு டைலுக்கு ஓரம் முழுசா இருக்கிற பிளேடு, வெட்டு வெட்டா பல்லு இருக்கிறத போட்டா ஓரம் சிப் ஆகும், அப்புறம் ஹவுஸ் ஓனர் கிட்ட திட்டு நமக்குத்தான். பிளேட்ல இருக்கிற அம்புக்குறியும் மிஷின் சுத்துற பக்கமும் ஒண்ணா இருக்கணும். தண்ணி பிளேடுக்கு வந்து சேர்ந்த அப்புறம் டைல தள்ளுங்க, அதுவும் பிளேடு சாப்புடுற வேகத்துக்கு மெதுவா, கடைசி ஒரு இஞ்ச் இன்னும் மெதுவா. அறுக்க மாட்டேங்குதுன்னா பலம் குடுக்காதீங்க, பிளேடு ஓரத்துல இருக்கிற வைரத் துகள சுத்தி பூசுன மாதிரி ஆயிருக்கும், ஒரு செங்கல்ல நாலு தடவ அறுத்தா மறுபடி புடிக்கும்.

தோள்ல துண்டு, லூஸ் கிளவுஸ், கையில சாமி கயிறு, இதெல்லாம் மிஷின் கிட்ட கூடாதுன்னு தீர்மானம் போட்டதுக்கு கொஞ்சம் மனஸ்தாபம் வந்துச்சு. கயிற கழட்டச் சொல்லல அண்ணே, முழங்கைக்கு மேல கட்டிக்கோங்கன்னுதான் சொன்னோம். கண்ணாடி எல்லாருக்கும் கட்டாயம்.

சேறு பத்தி ஒரு அபார்ட்மெண்ட்ல கம்ப்ளைன்ட் வந்துச்சு, நியாயமான கம்ப்ளைன்ட்தான். அறுத்த சேற பாத்ரூம் ஓட்டையில ஊத்துனா அடியில போய் கல்லா இறுகிடும். பக்கெட்ல தெளிய விட்டு, அடியில தங்குறத ஈரத்தோடயே சாக்குல கட்டுங்க. காய விட்டு பெருக்குனா தண்ணி போட்டு அறுத்ததே வேஸ்ட், அந்த தூசியில இருக்கிற சிலிக்காதான் நுரையீரல்ல படிஞ்சு சிலிகோசிஸ் ஆகுது, அதுக்கு குணமாக்குற மருந்து கிடையாது. மூக்குல கட்டுற ஈரத் துணி அத தடுக்காது, குறைஞ்சது என்95 மாஸ்க் போடுங்க. கிச்சன் மேடைக்கு குவார்ட்ஸ் ஸ்லாப் அறுக்கப் போறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், அதுல 90 சதவீதத்துக்கு மேலயே சிலிக்கா இருக்கிற ரகம் உண்டு, இதுக்காகவே ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலையில இருந்து அந்தக் கல்லுக்கே தடை.

வர்ற வருஷத்துக்கு கமிட்டி கேக்குறது ரெண்டு. பழைய பிளேடு தேய்ஞ்சிடுச்சு, புதுசுக்கு பணம் ஒதுக்கணும். மிஷின எடுத்துட்டு போறவங்க தொட்டிய கழுவி, பம்ப்ல சேறு இல்லாம திருப்பித் தரணும், இல்லன்னா அடுத்த முறை வரிசையில கடைசி. ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க, அதுக்கப்புறம் பொருளாளர் கணக்கு வாசிப்பாரு.