எரிந்த நூல்களின் பெயர்களைத் திரட்டுங்கள்: யாழ்ப்பாணம் மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்கள் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 97 ஆயிரம் நூல்கள் என்ற கணக்கும் தெரியும். ஆனால் என்னென்ன நூல்கள் என்று கேட்டால் எங்களில் பலர் நாலைந்து பெயர்களோடு நின்றுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நூலகம் மட்டும் போகவில்லை. சந்தைக் கடைகள், ஈழநாடு பத்திரிகை அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, தமிழர் விடுதலைக் கூட்டணியின் பணிமனை எல்லாம் எரிந்தன. ஊரைக் காக்க வேண்டிய பொலிஸாரே தீ வைத்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரியில் நின்று நூலகம் எரிவதைக் கண்ட தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். பல மொழி கற்ற மனிதர். எது போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிதைந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் மறுபடி வந்து இருந்து படிப்பதைவிட நல்ல மறுமொழி இல்லை என்றே நான் நினைக்கிறேன். சரி, கட்டடம் எழுந்துவிட்டது. வெள்ளைச் சுவரும் குவிமாடமும் பழையபடி நிற்கின்றன. உள்ளே இருந்தவை?

ஆனந்த குமாரசுவாமி, வன்னியசிங்கம், ஐசாக் தம்பையா ஆகியோரின் பெயரிலிருந்த சேகரங்கள் போயின. ஏட்டுச்சுவடிகள் போயின. இவை எங்கும் சொல்லப்படுபவை. மற்றவை வாசித்தவர்களின் ஞாபகத்தில் இருக்கின்றன. அன்று பதினெட்டு வயதில் இரவல் பகுதியில் வரிசையில் நின்றவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எந்த அலுமாரியில் எந்தப் புத்தகம் இருந்தது, உசாத்துணைப் பகுதியில் எதைப் பார்த்துக் குறிப்பெடுத்தோம் என்று அவர்களால் இன்னும் சொல்ல முடியும். அப்புறம் ஒன்று: அந்த வாரம் இரவலாக வீட்டுக்குப் போயிருந்த புத்தகங்கள் தீயில் அகப்பட்டிருக்காது. நூலக முத்திரை குத்திய பிரதியொன்று யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ ஒரு பழைய பெட்டிக்குள் கிடக்கலாம்.

ஒரு பட்டியல் தொடங்குங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய நூலகம் ஊரார் கொடுத்ததால் வளர்ந்தது. இதற்கும் ஊரார் கொடுப்பார்கள். ‘நூலகம்’ என்ற பெயரில் இயங்கும் தனி நிறுவனம் ஈழத்து நூல்களை ஏற்கெனவே இணையத்தில் ஏற்றிவருகிறது. பட்டியல் கையில் இருந்தால் எது தப்பியது, எதைத் தேட வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெரிய செலவில்லை. இரண்டு ஊழியர்கள், ஒரு மேசை, ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். வரும் யூன் 1ஆம் திகதியே முதல் பெயர்களைப் பதியுங்கள். முதியோர் இல்லங்களுக்கு நீங்களே ஆள் அனுப்புங்கள். அங்கே இருப்பவர்களில் பலரால் நூலகப் படியேறி வர முடியாது.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர்