641 குருட்டாம்போக்கில் கிடைத்ததல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பகா எண்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஒரு வரிதான் உறுத்தியது. 4294967297 பகா எண் அல்ல என்பதைக் கணித மேதை ஆய்லர் அசுர உழைப்பால், ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். உழைப்பு இருந்திருக்கும், சரி. அசுர உழைப்பெல்லாம் தேவையே இல்லை.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று போகும்போது 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அதைப் பார்த்துத்தான் கணித அறிஞர் பெர்மா, இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்துக் காட்டியதும் அந்த நம்பிக்கை உடைந்தது.

வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641-ஐத் தொடுவதற்குள் 115 பகா எண்களைத் தாண்டியாக வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். இதை நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! பின்னால் லூக்கா என்ற கணித அறிஞர் அந்த 64-ஐ 128 ஆக்கினார். அப்போது மிஞ்சுவது 257, 641 இரண்டே. அதிலும் 257-ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண் அதைவிட 2 அதிகம், ஆகவே மீதி 2.

நீண்ட வகுத்தல் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம்கூட. 5 × 128 என்பது 641-க்கு ஒன்று குறைவு, ஆகவே 641-ஆல் வகுக்கும்போது அதன் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு), மீதி 1. 625 + 16 = 641 என்பதால், இதில் 625-க்குப் பதில் −16 போடுங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1 என்று வந்துவிடும். அதோடு 1 கூட்டினால் மீதி பூஜ்யம். எனக்கு இந்த நாலு வரி, 2024-இல் கண்டுபிடித்த 41024320 இலக்கப் பகா எண்ணைவிட உசத்தி. அதை நான் சரிபார்க்க முடியாது, இதை யாரும் சரிபார்க்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதே வரிசையில் அடுக்கு 1048576 ஆகும்போது வரும் எண்ணுக்கு 315653 இலக்கங்கள். அது பகு எண் என்று நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அதன் ஒரு காரணிகூட இதுவரை தெரியாது. காரணியே கையில் இல்லாமல் பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கட்டுரையாளர் அடுத்த முறை அதை எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்