மாமனார் பெயரில் லித்தியம்

ஆசிரியருக்கு,

தீவிர மனநோய் உள்ளவர்கள் டாக்டராக வேலை பார்க்கலாமா என்று கேட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். வெளியூர் டாக்டர் ஒருவர் மாமனார் பெயரில் சீட்டு எழுதி எங்கள் கடையில் லித்தியம் என்ற மனநோய் மாத்திரை வாங்குவார். அந்த மாத்திரைக்கு ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடினால் விஷம். "பெரியவருக்கு லெவல் பார்த்தீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்று வாய் தவறிச் சொன்னவர் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை.

பயப்படாமல் என்ன செய்வார்? 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். சேர்க்கை விதி, மனநோயால் வரும் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் தகுதியில்லை என்றது. அந்தச் சதவீதத்தைப் போடும் அளவுகோல் பார்ப்பது தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சு, வேலை, எத்தனை வருட நோய் என்பதை. ஈ.சி.ஜி. பார்க்கத் தெரியுமா என்பதை அல்ல! 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பேச்சுக் குறைபாடுள்ள மாணவர் வழக்கில், சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளக்கூடாது, படிக்க முடியுமா என்று பாருங்கள் என்று சொன்னது. மனநோய்க்கும் அதுதானே நியாயம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநலப் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் (இவர் உளவியலாளர், எம்.டி. அல்ல) தனக்கு இருமுனை நோய் (மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்குவதும் சில காலம் சோர்ந்து விழுவதுமான மனநோய்) இருப்பதை 1995-ல் புத்தகமாகவே எழுதினார். அவரோடு வேலை செய்கிறவர்களுக்கு நோய் இருப்பது தெரியும், ஏதாவது தடுமாற்றம் தெரிந்தால் அவர்கள் சொல்லிவிடலாம். ஒளித்து வைத்திருப்பவரை யார் தடுப்பது?

நோய் முற்றியிருக்கும்போது, இரவு பகல் தூங்காமல் உலகத்தையே வாங்கிவிடுவேன் என்று அலையும்போது, அந்த டாக்டர் என் பிள்ளைக்கு ஊசி போட வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. லீவு போட்டுத் தேறி வரட்டும், மறுபடி சேரும் முன் தகுதி பார்க்கட்டும். பிரிட்டனில் மருத்துவ கவுன்சிலே, சிகிச்சையைத் தொடர வேண்டும், மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தொழிலைத் தொடர விடுகிறது. இங்கும் அப்படி ஒரு வழி வந்தால், மாமனார் பெயர் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்