கருகிய மரப்பெரணியைத் தோண்டிவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் குளிர்காலத் தோட்டக் குறிப்புகளில் மரப்பெரணி (மரம்போல் தண்டு விட்டு உச்சியில் மட்டை விரிக்கும் பெரணி) பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. மட்டைகள் கருகிவிட்டால் செடி செத்துவிட்டது என்று பொருள், ஏப்ரலில் அதைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் மனம் பதறியது. இதே அறிவுரையைக் கேட்டு, உயிரோடிருந்த ஒரு மரப்பெரணியை என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

நாங்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2006-ல் மூன்றடி உயரமுள்ள டிக்சோனியா அண்டார்க்டிகா என்ற வகை மரப்பெரணி ஒன்றை வாங்கிப் புல்வெளியின் நடுவில் நட்டோம். பெயரிலேயே அண்டார்க்டிகா இருக்கிறதே, எந்தக் குளிரையும் தாங்கும் என்று நம்பினேன். அதன் சொந்த ஊர் டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கும். ஈரம் சொட்டும் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், ஓடையோரமாக வளர்வது. நான்கு குளிர்காலங்களைத் தாண்டிவிட்டது. பிறகு 2010 டிசம்பர் வந்தது. பிரிட்டன் நூறு ஆண்டுகளில் காணாத குளிர் டிசம்பர் அது. பொங்கலுக்குள் மட்டைகள் அத்தனையும் தேயிலைத் தூளின் நிறத்தில் தொங்கின. ஏப்ரல் கடைசியில், செடி வாங்கிய இடத்திலேயே போய்க் கேட்டேன். போய்விட்டது, எடுத்துவிடுங்கள் என்றார்கள்.

என் கணவர் தோண்டினார். தோட்டக் கழிவுத் தொட்டிக்குள் அடங்கவில்லை என்று, மட்டைகள் கிளம்பும் உச்சிக் கொண்டையை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்தோம். நடுவில், பழுப்பு மயிர்ப் பொதிக்குள், கொண்டைக்கடலை அளவில், இன்னும் விரியாத இளமட்டைச் சுருள்கள் ஐந்தாறு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். பச்சை. இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். இன்னும் ஆறு வாரம் பொறுத்திருந்தால் அவை விரிந்திருக்கும்.

தென்னையோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மட்டை விழுவதால் தென்னை சாவதில்லை, குருத்து அழுகினால்தான் சாகும். மரப்பெரணியும் அப்படியே. சுழியத்துக்குக் கீழே சில டிகிரி இறங்கினாலே மட்டைகள் கருகத் தொடங்கும். குருத்து அதைவிடப் பல டிகிரி கூடுதலாகத் தாங்கும். ஆகவே நாம் காக்க வேண்டியது உச்சியில் இருக்கும் அந்த ஒரு பிடி இடத்தைத்தான்.

பத்தியில் இருந்த இன்னொரு அறிவுரையும் தவறு என்பேன். அடிமரம் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, ஈரம் படாமல் உலர்வாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். மரம் என்று நாம் சொல்கிறோமே தவிர, அதற்குள் வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. மெல்லிய தண்டு ஒன்று நடுவில் நிமிர்ந்து நிற்க, அதைச் சுற்றிப் பழைய மட்டைகளின் அடியும் வேர்களும் பின்னிக் கிடக்கின்றன. அந்த வேர்கள் மேலிருந்து கீழ்வரை ஈரத்தை உறிஞ்சுபவை. மாதக்கணக்கில் எலும்பாகக் காயவிட்டால் பனி செய்யாத கேட்டை வறட்சி செய்துவிடும். பிளாஸ்டிக்குக்குள் காற்றோட்டமில்லாமல் பூஞ்சணம் பிடிப்பது இன்னொரு கேடு. அடியில் வேர்க்கட்டு இல்லாத வெறும் தண்டுத் துண்டாக வாங்கி நடுகிறவர்கள், சாயாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் புதைத்து, முதல் கோடை முழுவதும் தண்டின் மேல் தண்ணீர் ஊற்றியபடி இருக்க வேண்டும்.

நான் பிறந்தது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நீலகிரியிலும் மரப்பெரணி உண்டு. சோலைக்குள் ஓடைக்கரைகளில் குடை விரித்து நிற்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் பள்ளத்துப் புல்வெளிகள் உறைபனியால் வெள்ளை பூத்திருக்க, பக்கத்துச் சோலைக்குள் நுழைந்தால் தரையில் பனி இருக்காது. தலைக்கு மேல் இருக்கும் இலைக்கூரைதான் காரணம். இளந்தேயிலைச் செடிகள் கருகாமலிருக்க, மலைச்சரிவில் தானாக வளரும் பெரணித் தழையை அம்மா கட்டுக் கட்டாக அறுத்து வந்து மூடுவார். இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்த நான், இங்கே வந்து செடியைத் திறந்த புல்வெளியின் நடுவில் நட்டிருக்கிறேன்!

2012-ல் வாங்கிய இரண்டாவது செடியை, குளிரிலும் இலை உதிர்க்காத ஹாலி மரத்தின் அடியில், வாடைக்காற்றும் காலை வெயிலும் நேராகப் படாத மூலையில் வைத்தேன். இலையுதிர் காலத்தில் பழைய மட்டைகளை வெட்டுவதில்லை. நவம்பரில் கொண்டைக்குள் இரண்டு கை வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, அந்த மட்டைகளையே மேலே மடித்துக் கட்டி, காற்றுப் புகும் மெல்லிய ஃபிளீஸ் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவேன். கடுங்குளிர் விலகியதும் பிரித்துவிடுவேன். அம்மாவின் தழை மூடாக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

2022 டிசம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தேன். கட்டிவிட்டுப் போகவில்லை. திரும்பி வந்தபோது பழைய கதைதான், எல்லாம் பழுப்பு. மே மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு மரப்பெரணி புதுச் சுருள் விட்டுவிட்டது. என்னுடையதில் எதுவும் இல்லை. கொண்டைக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்த்தேன். கொழகொழவென்று அமுங்கி நாற்றமடித்தால் முடிந்தது என்று பொருள். இதுவோ கெட்டியாக இருந்தது. தண்டின் மேல் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஜூலை முதல் வாரத்தில் மூன்று சுருள்கள், குரங்கு வாலைப் போலச் சுருண்டு, மயிர் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தன. அந்த ஆண்டு ஐந்தே மட்டைகள். மறு ஆண்டு பதினான்கு.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். முதல் உலகப் போருக்குத் தோட்டக்காரர்கள் போன பிறகு பல பத்தாண்டுகள் அது புதராகிக் கிடந்தது. அங்குள்ள பள்ளத்தாக்கில் மரப்பெரணிகள் யாரும் வைக்கோல் வைக்காமலேயே பிழைத்திருந்தன. கார்ன்வாலின் இதமான கடற்காற்று எங்களுக்கு இல்லைதான். ஆனாலும் இடம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் டிக்சோனியாவுக்குத்தான். நியூசிலாந்தின் சின்னமான வெள்ளிப்பெரணி போன்ற, சயாதியா என்ற வேறு இனத்து மரப்பெரணிகள் இந்தக் குளிரைத் தாங்கா. அவற்றைத் தொட்டியில் வளர்த்து, உறைபனிக்கு முன் உள்ளே எடுத்துவிடுவது நல்லது. ஹீட்டர் ஓடும் அறை வேண்டாம்.

டிக்சோனியாவின் தண்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான் உயரும். அந்தக் கணக்கில், நான்கடித் தண்டுக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். டாஸ்மேனியக் காட்டில் வெட்டப்படும் ஒவ்வொரு மரப்பெரணிக்கும் அந்த மாநில வன அதிகார அமைப்பின் அடையாளச் சீட்டு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அங்கிருந்து வந்தது என்று சொல்லி விற்றால் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். ஐம்பது ஆண்டு காட்டில் நின்ற ஒன்றைக் கடல் கடந்து கொண்டுவந்து, ஒரு குளிருக்குக் கருகியது என்பதற்காகக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உங்கள் இதழுக்கு இந்த நாட்டில் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பத்தியைத் திருத்தி, ஜூலை முடியும்வரை பொறுத்துப் பாருங்கள் என்று நான்கு வரியாவது மார்ச் இதழில் வெளியிடுங்கள். ஏப்ரல் இதழ் என்றால் தாமதமாகிவிடும். அதற்குள் பலர் மண்வெட்டியை எடுத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிஸ்டல், இங்கிலாந்து.