யாழினி புலிக்காட்டுக்குப் போகிறாள்

அன்புள்ள சந்துரு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். மஞ்சக்குப்பத்தில் மழை விட்டபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். யாழினிக்கு மத்தியப் பிரதேசத்தில் வேலை கிடைத்துவிட்டது. ரேடியோ காலர், அதாவது இருக்கும் இடத்தைச் சிக்னலில் காட்டிக்கொடுக்கும் கழுத்துப்பட்டை, போட்ட புலிகளைப் பின்தொடரும் வேலை. "நம்ம ஊர்ப் பெண்ணுக்குப் புலியா?" என்று பாஸ்கர் அலறுகிறான். தேவனாம்பட்டினத்து நாய்க்கே மரம் ஏறியவன், வேறென்ன சொல்வான்!

எனக்கு அவளைப் பற்றிக் கவலையில்லை, அந்தக் காலரைப் பற்றித்தான். சர்வீஸ் முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவன் நான். கன்றுக்குட்டிக்குக் கட்டிய கயிற்றைத் தளர்த்த மறந்துவிடுவார்கள். கன்று வளர்ந்துவிடும், கயிறு அப்படியே இருக்கும். ஐப்பசி மழையில் சதைக்குள் புதைந்த கயிற்றைப் புழுவோடு அறுத்து எடுத்திருக்கிறேன். 2023 ஜூலையில் அதே மாநிலத்துக் குனோ காட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிவிங்கிப்புலிகளில் இரண்டு அடுத்தடுத்துச் செத்தன. காலருக்கு அடியில் புண், புழு என்று படித்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. காலர் மட்டுமே காரணமில்லையாம். ஆப்பிரிக்கக் குளிர்காலத்துக்கு வளர்ந்த ரோமமும் நம் மழை ஈரமும் சேர்ந்துகொண்டன என்றார்கள். இருக்கலாம். ஆனால் தினமும் கழுத்தைப் பார்க்க ஒரு கண் வேண்டாமா?

அதற்காகக் காலரே வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லையடா. அங்கேயே பன்னா புலிகள் காப்பகத்தில் 2009-இல் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. பென்ச் காட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆண்புலி, வந்த சில நாளிலேயே பழைய காட்டைப் பார்த்து நடையைக் கட்டியது. காலர் சிக்னலைப் பிடித்தபடி யானைகளோடு வாரக்கணக்கில் பின்னாலேயே போய், டிசம்பர் 25 அன்று மயக்க ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அங்கே குட்டிகள்! காலர் இல்லாவிட்டால் அது எந்த வயலின் மின்வேலியில் மாட்டியிருக்குமோ.

வளர்ந்த ஆண்புலி 200 கிலோ இருக்கும், அதற்குக் காலர் ஒரு பாரமே இல்லை. இளம்புலிக்குத்தான் சிக்கல், கழுத்து இன்னும் பருக்கும். தானாகக் கழன்று விழும் பூட்டு சில சமயம் வேலை செய்யாது. அப்புறம் மறுபடி மயக்க ஊசிதான். வெயிலில் மயங்கிக் கிடக்கும் மிருகத்துக்கு உடல் சூடு கிடுகிடுவென ஏறும். கண்ணைத் துணியால் மூடி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

யாழினியிடம் சொல்லிவிட்டேன்: "மாட்டும்போது விரல் நுழைகிறதா என்று உன் கையால் பார். பாட்டரி தீரும்முன் கழற்ற ஆளும் மருந்தும் பணமும் இருக்கிறதா என்று முதல் நாளே கேள்." புதுசாக வந்த பெண் கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

உன் மச்சான் இன்னும் ஜபல்பூரில்தானே? அடுத்த வாரம் கிளம்புகிறாள், அவர் நம்பரை உடனே அனுப்பு.

அன்புடன்,
குமார்